புள்ளி

எங்கள் வார்டில் எல்லோரும் ஐம்பது கிலோ.
எடை மிஷின் ஆடி மாசத்திலிருந்து ரிப்பேர்.
கட்டத்தை நிரப்பாமல் திரை நகராது.
ஆகவே கொத்தனாரும் ஐம்பது,
எலும்பும் தோலுமாய் வந்த டி.பி. பையனும் ஐம்பது.
நாங்கள் சொன்ன பொய்யை வாங்கிக்கொண்டு
அது டோஸ் சொல்லும், துல்லியமாக,
தசமத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம்.

கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறவன்
சிவப்பைப் பார்த்தா நிற்கிறான்?
போலீசைப் பார்த்து நிற்கிறான்.
எங்கள் திரையில் சிவப்பு மட்டும்தான்.
பாராசிட்டமாலுக்குச் சிவப்பு.
ஒவ்வாமை குறிக்கப்படவில்லை, சிவப்பு.
வயது காலி, சிவப்பு.
'வைகை டேம் கட்டுறப்ப நான் கைப்புள்ள'
என்பதை அதற்கு எப்படிச் சொல்ல?

ஒவ்வொரு சிவப்பையும் தள்ளிவிடும்போது
ஏன் என்று கேட்கும்.
எல்லோரும் ஒரு புள்ளி வைப்போம்.
யார் ஆரம்பித்தது தெரியாது.
புதிதாய் வரும் ஹவுஸ் சர்ஜன்
நரம்பு தேடிப் பழகும் முன்னே
இதைப் பழகிக்கொள்வான்.

ஒச்சம்மாள், எழுமலை.
இதயம் தளர்ந்து கால் வீங்கி வந்தவர்.
எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன்.
இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும், கவனம்
என்றது பெட்டி.
இதயம் தளர்ந்த எல்லோருக்கும் சொல்வதுதான்.
அன்றிரவு அது சொன்ன நாற்பத்தியொன்றாவது கவனம்.
புள்ளி.

மூன்றரை மணிக்கு சிஸ்டர் ஜெசிந்தா
ஈ.சி.ஜி. தாள் தரையில் புரள ஓடி வந்தார்.
வாயைத் திறக்கவில்லை, தாளை நீட்டினார்.
புத்தகத்தில் கூடாரம் என்று போட்டிருப்பார்கள்.
கூடாரங்கள் நின்றன வரிசையாக,
சர்க்கஸ் வந்த தமுக்கம் மைதானம் மாதிரி.
கால்சியம். இன்சுலின். குளுக்கோஸ்.
என் வேர்வை அவர் கையில் சொட்டியது.
விடியும்போது கூடாரங்கள் தாழ்ந்திருந்தன.
ஒச்சம்மாள் காப்பி கேட்டார்.

மகன் சொன்னான்:
"வெயிலு கொல்லுதேன்னு
தெனம் நாலு எளநி வெட்டிக் குடுத்தேன் மேடம்."
பெட்டியில் இளநீருக்குக் கட்டம் இல்லை.
எனக்கு வாய் இருந்தது.

கம்பெனியிலிருந்து நவநீதன் வந்தார்,
பகல் பதினொரு மணிக்கு, ஏ.சி. ஹாலுக்கு.
தொண்ணூற்றாறு சதவீதம் புறக்கணிப்பு என்று காட்டி
டாக்டர்களின் மனப்பான்மை மாற வேண்டும் என்றார்.
ராத்திரி வாங்களேன் என்றேன்.
வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.
உட்கார இடமில்லாமல் இரண்டு மணிவரை நின்றார்.
பாஸ்வேர்டு மூன்று தடவை செத்தது.
கடைசிக் கட்டிலிலிருந்து கம்ப்யூட்டர் வரை
அவரே நடந்து எண்ணினார்,
அறுபத்திரண்டு எட்டு.
கிளம்பும்போது கேட்டார்:
"அந்தப் புள்ளிக்கு என்னதான் அர்த்தம்?"

நேரமில்லை என்று அர்த்தம்.
எனக்குத் தெரியும் என்றும்.
சில ராத்திரி, பயம் என்றும்.
நாளைக்கு ஒரு வழக்கு வந்தால்
எச்சரித்தும் மீறினார் என்று
அச்சில் வரப்போவது பெட்டியின் பெயரா, என் பெயரா?
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

அடுத்த மாதம் மாற்றினார்கள்.
காரணம் பத்து எழுத்துக்குக் குறையக் கூடாதாம்.
பத்துப் புள்ளி வைக்கிறோம்.

நேற்று பேரையூரிலிருந்து ஒருவர்,
அதே வீக்கம், அதே இரண்டு மாத்திரை.
விரல் தானாகப் போனது, நிறுத்தினேன்.
அறுபத்திரண்டு எட்டு நடந்து போய்க் கேட்டேன்.
குடிக்கிறாராம், ரெண்டு, சில நாள் மூணு.
திரும்பி வந்து காரணக் கட்டத்தில் தமிழில் அடித்தேன்:
மாத்திரை ஒன்றை நிறுத்துகிறேன், இளநீர் குடிக்கிறார்.
செல்லாத எழுத்து என்றது பெட்டி,
சிவப்பில்.

கேஸ் ஷீட் ஓரத்தில் பேனாவால் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
காலை டியூட்டிக்கு வருகிறவர்
ஓரங்களைப் படிக்கிறவரா, தெரியவில்லை